ஆற்றின் மேல் போட்ட பழி

அண்ணி,

இத்தனை நேரத்துக்கு மேல் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுவதற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த யுத்த வருஷங்களில் விளக்கை அணைக்கச் சொல்லி எத்தனையோ தடவை என்னைக் கடிந்துகொண்டிருக்கிறீர்கள். பகலில் எனக்குக் கை ஒழிவதில்லை. கை ஒழிந்தால் வீட்டில் யாராவது இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதுவதை யாரும் பார்க்காமல் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் கொடியிலிருந்து குழந்தையின் துணிகளை எடுத்தேன். மடிக்க வரவில்லை. காய்ந்த அப்பளம்போல் விறைத்துக்கொண்டு நின்றன. உதறினால் வெள்ளையாகப் பறந்தது. போன தடவை காளவாயில் சுட்டெடுத்த கல்லின் கடைசிச் சுண்ணாம்பை இன்றுதான் சலித்து முடித்தார்கள். காற்று நம் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. ஈரத் துணியில் சுண்ணாம்பு படிந்து காய்ந்தால் ஒரு வாசனை வருமே, தொண்டையின் அடியில் லேசாகக் கமறும் வாசனை, அது உங்கள் புடவையின் வாசனை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு எல்லாவற்றையும் மறுபடி நனைத்து, அலசி, உள்ளறையில் உலர்த்தினேன்.

குழந்தை என்று நான் சொல்வது வள்ளியை. நீங்கள் பார்க்காத குழந்தை. பெரம்பலூரில் என் அம்மா வீட்டில் பிறந்து, அங்கே இருந்தவரை கொழுகொழுவென்று இருந்தாள். அரியலூருக்கு வந்து சில வாரம் ஆவதற்குள் மூச்சு விடும்போது சத்தம் வருகிறது. மூத்தவன் கண்ணனுக்கு வந்த அதே சத்தம். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. வெள்ளிக்கிழமை அடுத்த காளவாயைப் பிரித்து வெந்த கல்லை வெளியே எடுக்கிறார்கள். அதற்குள் இவளை இங்கிருந்து கொண்டுபோக வேண்டும். போக வேண்டுமென்றால் மாமாவிடம், உங்கள் அப்பாவிடம், நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நான் காலை வைத்த அன்றே என் காலடி தரையில் அப்படியே பதிந்தது. திரும்பிப் பார்த்து, யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் பெரம்பலூரில் தூசி என்றால் கரிசல் மண், அறுவடைக் காலத்தில் பருத்திப் பஞ்சு. வெள்ளைத் தூசியை நான் பார்த்ததில்லை. நீங்கள்தான் ஆரத்தித் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு என் காதருகே குனிந்து சொன்னீர்கள்:

"என்ன பாக்குற? காளவா வூட்டுக்கு வாக்கப்பட்டா காலு வெள்ளையாத்தான் இருக்கும். மஞ்சள் பூச வேண்டிய செலவு மிச்சம்."

மாமியார் இல்லாத வீடு. மலேயாவுக்குப் போன உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து யுத்தம் வந்தபின் ஒரு சேதியும் இல்லாததால், நீங்கள் பிறந்த வீட்டிலேயே இருந்தீர்கள். அடுப்படி என் கைக்கு வந்தது. காளவாய் உங்கள் கையில் இருந்தது. மாமா கல்லுக்கும் கரிக்கும் விலை பேசுவார். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, பெரம்பலூர், ஜெயங்கொண்டம் என்று வண்டிகளோடு போய்விடுவார். வெந்த கல்லை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து, அது புகைந்து பொடிந்தபின் சலிக்கிற வேலை முழுவதும் பெண்களுடையது. அந்தப் பெண்களுக்கு நடுவில் நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். புடவைத் தலைப்பை மூக்கோடு சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய. சுண்ணாம்பு அரிக்காமலிருக்கக் கையிலும் முகத்திலும் தடவிய நல்லெண்ணெய் மினுமினுக்கும். சலிக்கும்போது எழும்புகிற வெள்ளையில் சில நேரம் உங்கள் எல்லோரையும் அடையாளம் தெரியாது. இருமலை வைத்துத்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நான் கண்டுபிடிப்பேன்.

வேலை முடிந்ததும் வெல்லம். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் கூடையோடு நிற்பீர்கள். பெண்கள் ஒவ்வொருத்தராகக் கையை நீட்டி ஒரு கட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போவார்கள். கடைசிக் கட்டி கண்ணனுக்கு. வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டியிருக்கும் தூசியை அது இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும், மறுநாள் வெளியே போய்விடும். காளவாய் வைத்திருக்கிற எல்லாக் குடும்பத்திலும் இதுதான் நம்பிக்கை. வெல்லம் கொடுத்தாயிற்று என்றால் எல்லோர் மனமும் ஆறிவிடும். இருமினால்கூட, "ஒரு கட்டி சேத்துக் குடு" என்பதோடு பேச்சு முடிந்தது. சலிக்கும் கொட்டகையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் விஞ்ஞானம் எடுத்துப் படித்தவள். ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணி, சோறு போற குழாய் வேற, மூச்சு போற குழாய் வேற. வெல்லம் ஒண்ணுல போவுது, தூசி இன்னொண்ணுல போவுது. ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது."

நீங்கள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தீர்கள். "ரெண்டும் ஒரே கழுத்துக்குள்ளதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப அக்கம்பக்கத்து வூடு மாதிரி. ஒரு வூட்டுல நல்லது பொல்லாது நடந்தா அடுத்த வூட்டுக்குத் தெரியாமலா போயிடும்?" என்றீர்கள். பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை, அப்போதே அவள் உங்களுக்கு வலது கை, "பி.ஏ. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா வெல்லத்தை நிறுத்திடாதீங்க ஆச்சி" என்றாள். அதற்கப்புறம் நான் உங்களுக்கு 'பி.ஏ.' ஆகிப்போனேன். "ஏ பி.ஏ., உப்பு எங்க வச்சிருக்க?" "ஏ பி.ஏ., புள்ள அழுவுது பாரு." கோபம் வந்தால் மட்டும் என் பெயரைச் சொல்வீர்கள்.

வெல்லத்தையாவது ஒரு பக்கம் வைத்துவிடலாம். கதவு விஷயம் அப்படி இல்லை. காளவாய் பிரிக்கிற அன்று விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை வாசல் கதவைச் சாத்தக் கூடாது. வீட்டிலிருந்தே வேலையைப் பார்க்க வேண்டும் என்று மாமாவின் அப்பா காளவாய்க்கு நேர் எதிரே வீட்டைக் கட்டிவிட்டார். நடுவில் ஒரு வண்டிப் பாதைதான். புதுச் சுண்ணாம்பு தானாக வந்து வீட்டுக்குள் படிய வேண்டும். படிந்ததை அன்றைக்குப் பெருக்கவும் கூடாது. ஒரு தடவை காற்றில் கதவு தானே சாத்திக்கொண்டதற்கு மாமா வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். "வர்ற வியாபாரத்தை மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்துறீங்களே" என்றார்.

அந்த நாட்களில் கண்ணன் நடு வீட்டில் உட்கார்ந்து, தரையில் படிந்த வெள்ளையில் விரலால் வண்டி வரைந்துகொண்டிருப்பான். அன்று ராத்திரி மூச்சுத் திணறும். இரண்டு மூன்று நாளில் அடங்கும். அடுத்த காளவாய் பிரிக்கும்போது மறுபடி வரும். இதை நான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபின் யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. டவுன் டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், "காளவாய் வீடா?" என்று கேட்டார். "இடத்தை மாத்துங்கம்மா. மருந்து நான் தரேன், ஆனா இடத்தை மாத்துங்க" என்றார்.

உங்கள் தம்பி அதை அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். மாமா கோபப்படவே இல்லை. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்: "காளவா வூட்டுப் பேரனுக்குச் சுண்ணாம்பு ஒத்துக்கலைன்னு நாம புள்ளையை வெளியூருக்கு அனுப்புனா, நாளைக்குச் சலிக்க வர்றவ என்ன கேப்பா? 'உங்க புள்ளைக்கு ஆவாதது எங்க புள்ளைக்கு மட்டும் ஆவுமா'ன்னு கேப்பா. அதுக்கு நீ பதில் வச்சிருக்கியா?"

மாமா நல்லவர்தான். சலிக்கிற பெண்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் அந்தக் கேள்வி அவர் மனதில் முன்பே இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த காளவாய் பிரிக்கும் அன்று நான் கண்ணனை உள்ளறையில் விட்டு, அந்த அறை வாசலின் நிலையில் ஈர வேட்டியைக் கட்டினேன். கதவைச் சாத்தக் கூடாது என்றுதானே சட்டம். துணி கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காய்ந்தால் மறுபடி தண்ணீர் தெளித்தேன். சாயங்காலம் அதை அவிழ்க்கப் போனபோது பின்னால் வந்து நின்றீர்கள். ஏதோ கேலி பேசத்தான் வாயைத் திறந்தீர்கள். வேட்டி கையில் பலகை மாதிரி வந்தது. அதை நடுவில் மடித்தேன்; சடக்கென்று ஓசை வந்து, உதிர்ந்த வெள்ளை இரண்டு பேர் காலையும் மூடியது.

நீங்கள் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். உங்கள் ஆயுள் முழுக்கப் பார்த்த சுண்ணாம்புதான். காற்றில் பறக்கிறதையும் தரையில் கிடக்கிறதையும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பகலில் ஒரு வாசல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்பதை மட்டும் அதுவரை பார்த்ததில்லை.

"இவ்வளவுமா உள்ள போவுது?"

"இது உள்ள போவாம நின்னது, அண்ணி."

நீங்கள் கண்ணனைத் தூக்கி அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டீர்கள். ரொம்ப நேரம் கேட்டீர்கள். அன்று அவனுக்கு வெல்லம் கொடுக்க மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். மறக்கவில்லை, வேண்டாமென்றுதான் கொடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில்தான் அது நடந்தது. மாமாவுக்கு மோர் ஊற்றிக்கொண்டே, ஊர் நடப்பு சொல்கிற குரலில் சொன்னீர்கள்: "அப்பா, கண்ணனுக்கு மூச்சு இழுப்பு நின்னா திருமழபாடிக்குக் கொண்டாந்து ஒரு மண்டலம் ஆத்துல குளிக்க வச்சு, கோயிலைச் சுத்த வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். போன தடவை நின்னுபோச்சுல்ல? இன்னும் செய்யாம இருக்கோம். அதான் மறுபடி மறுபடி வருதோ என்னமோ."

மாமா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வேண்டிக்கிட்டா உடனே செய்யறது இல்லையா? சாமி காரியத்தை இப்படியா போட்டு வைப்பே?" என்று உங்களைத் திட்டினார். அந்த வார முடிவுக்குள் நாம் கிளம்பிவிட்டோம்.

கரி பஸ் ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ். கிளம்புவதற்கு முன் கிளீனர் துருத்தியைச் சுற்றச் சுற்ற, புகையும் கரித்தூளும் ஜன்னல் வழியாக வந்தன. திருமானூரில் இறங்கும்போது நம் மூன்று பேர் முகமும் கறுத்திருந்தது. "வெள்ளைக்குத் தப்பிச்சுக் கறுப்புல மாட்டிக்கிட்டோம். ஏ பி.ஏ., இது எந்தக் குழாயில போவும்?" என்று கேட்டீர்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போகும்போதும் சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்து, வண்டிக்காரர் மாட்டை நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

திருமழபாடியில் உங்கள் அத்தை வீட்டில் தங்கினோம். கொள்ளிடத்தில் அப்போது ஒரு ஓரமாகத்தான் தண்ணீர். காலையில் மணலில் நடந்துபோய்க் கண்ணனைக் குளிக்க வைப்போம். முதல் வாரம் மூச்சு அப்படியேதான் இருந்தது. பிறகு ஒரு நாள் ராத்திரி நான் விழித்துக்கொண்டேன். என்ன என்று புரியவில்லை. சத்தம் இல்லாததால் விழித்திருக்கிறேன். பயந்து அவன் மூக்கில் கையை வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் படித்துறையில் கேட்டேன். "அண்ணி, நிஜமாவே வேண்டிக்கிட்டீங்களா?"

"வேண்டிக்கிட்டேன்னுதான் வச்சுக்கயேன்."

"எப்போ?"

"அப்பாவுக்கு மோர் ஊத்துறப்போ." துணியைக் கல்லில் அடித்துக்கொண்டே சொன்னீர்கள். "சாமி கோவிச்சுக்குமா சொல்லு. வேண்டுதலையும் சொல்லி, கையோட செஞ்சும் குடுத்தாச்சு. கடன் வைக்கலை பாரு."

இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்றீர்கள். சரி என்றேன். அது சின்ன வாக்கு. பெரிய வாக்கைப் பின்னால் வாங்கினீர்கள்.

மண்டலம் முடிந்ததும் இன்னொரு மண்டலம் என்றீர்கள். அதற்கப்புறம் அத்தைக்குத் துணைக்கு ஆள் இல்லை என்றீர்கள். அப்புறம் பள்ளிக்கூடம். இப்படியே கண்ணன் அங்கே நின்றுவிட்டான். மழைக் காலத்தில் காளவாய் எரியாதபோது இங்கே வருவான். மற்ற நாட்களில் நான் போய் வருவேன். பெற்ற பிள்ளையை விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டு வருவது எனக்குச் சுலபமாக இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவன் ஓடுகிறான், அண்ணி. மணலில் ஓடிவிட்டு மூச்சு வாங்காமல் வந்து நிற்கிறான்.

உங்களை நான் அங்கே இருக்கச் சொன்னேன். அந்த ஆற்றங்கரையில் உங்கள் இருமலும் பாதியாகக் குறைந்திருந்தது. நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டே பேசினீர்கள்.

"நான் நிக்கலைன்னா சல்லடை புடிக்க ஒருத்தியும் வர மாட்டா. அப்புறம் அப்பா உன்னைத்தான் கூப்புட்டு நிக்க வைப்பாரு."

"நின்னா நிக்கிறேன்."

"நீ நின்னா, உன் பாலைக் குடிக்கிற அடுத்த புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவே? பேசாம வா, பஸ் போயிடும்."

அடுத்த பிள்ளை என்ற எண்ணம்கூட எனக்கு அப்போது கிடையாது.

யுத்தம் முடிந்த பின் கட்டட வேலை கூடிப்போய், காளவாய் ஓயாமல் எரிந்தது. நீங்களும் ஓயவில்லை. கொட்டகையை வடக்கே தள்ளிப் போடச் சொல்லி மாமாவிடம் கேட்டீர்கள். "தண்ணித் தொட்டி இங்க இருக்கு, கொட்டகை அங்க எதுக்கு?" என்று அவர் கேட்டதோடு அது நின்றது. முதலில் படியேறும்போது நின்று நின்று ஏறினீர்கள். பிறகு படுத்தால் இருமல் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினீர்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் உங்கள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, நெஞ்சு முழுக்கத் தூசி என்றும் இனி செய்வதற்கு அதிகம் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் தம்பி அதை என்னிடம் சொன்னார். அப்பாவிடம் சொல்லவில்லை.

மாமா தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னார்: "ஆத்துக் குளிரு நெஞ்சுல எறங்கிடுச்சு. பேரனுக்காகப் போய் மாசக்கணக்குல ஈரத்துல நின்னா. சாமிக்குச் செஞ்சதுதான், ஆனா உடம்பு தாங்கலை." ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த ஆற்றங்கரையில் மட்டும்தான் நீங்கள் ஒழுங்காக மூச்சு விட்டீர்கள் என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. உங்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னேன்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரித்தீர்கள்.

"சொல்லிட்டுப் போவட்டும் விடு. அப்பாவுக்கு இந்தக் காளவாதான் மூத்த புள்ள. மூத்தவன் தங்கச்சியைக் கொன்னுட்டான்னு சொன்னா எந்த அப்பன் தாங்குவாரு? ஆறு ஒண்ணும் கோவிச்சுக்காது. ஆத்து மேலயே போட்டுக்கட்டும்."

பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். கோபமில்லாமல் நீங்கள் அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். "அப்பா இருக்கற வரைக்கும் நீயா வாயைத் திறக்கக் கூடாது. வேண்டுதலும் சரி, இதுவும் சரி. சொல்லு" என்றீர்கள். சரி என்றேன். கையைப் பிடித்து இன்னொரு தடவை சொல்ல வைத்தீர்கள்.

நீங்கள் போனபின் இந்த வீட்டில் எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. வெல்லக் கூடை அஞ்சலையிடம் போயிருக்கிறது. அவளும் இப்போது படியில் நின்று நின்று ஏறுகிறாள். கேட்டால், "ஆச்சி மாதிரி நானும் ஒரு தடவை ஆத்துல குளிச்சேங்க, அதுவா இருக்கும்" என்கிறாள். சிரிக்காமல் சொல்கிறாள்.

நேற்று மாமாவிடம் பேசினேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான். "வள்ளியைக் கொஞ்ச நாள் திருமழபாடியில வச்சிருக்கட்டுங்களா மாமா? கண்ணனுக்கும் துணையா இருக்கும்."

"எதுக்கும்மா?"

"மூச்சு இழுக்குதுங்க."

"சளியா இருக்கும். வசம்பைச் சுட்டு உரைச்சு நாக்குல தடவு." அப்புறம் குரல் மாறிவிட்டது. "ஆத்தங்கரைக்கு மட்டும் வேணாம்மா. என் பொண்ணைத் தின்ன ஆறு அது. கண்ணனையே இந்தத் தை மாசத்தோட கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு இருக்கேன். கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்."

நான் உள்ளே வந்துவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. துண்டிலும் சுண்ணாம்புதான் இருந்திருக்கும்; ரொம்ப நேரம் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெரம்பலூருக்குப் போகலாம் என்றால், பிரசவத்துக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். போனாலும் ஒரு வாரம், பத்து நாள். அதற்கப்புறம் இந்த வாசலுக்குத்தான் வர வேண்டும். கண்ணனும் வந்துவிட்டால் இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு நான் எத்தனை வேட்டிகளைக் கட்டுவேன்? உங்கள் தம்பியைக் கேட்டேன். "அப்பா உடைஞ்சு போயிடுவாரு" என்கிறார். "அப்ப புள்ளைங்க?" என்றேன். அதற்கு அவர், "நீ சொன்னா நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதுவே அவருக்குப் பெரிசுதான்.

உங்களைப்போல் ஒரு வேண்டுதலைக் கற்பிக்க எனக்கு வரவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். எந்தக் கோயிலை நினைத்தாலும் மாமாவின் முகம்தான் வருகிறது. என்னிடம் இருப்பது உண்மை ஒன்றுதான். நாளைக் காலையில் அவர் வெற்றிலை போட உட்காரும்போது இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: அண்ணி எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளவில்லை, மாமா. பேரனைச் சுண்ணாம்பிலிருந்து தள்ளி வைக்கத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆறு அவர்களை ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் சொன்னதை உங்களிடம் மறைத்துவிட்டோம். கொட்டகையை நகர்த்துங்கள். அன்றைக்கு மட்டும் கதவைச் சாத்த விடுங்கள். குழந்தைகளை அங்கே இருக்க விடுங்கள்.

கடைசி மூன்றைச் சொல்வது சுலபம். முதல் நான்கைச் சொல்லாமல் அவை நிற்காது. அதைக் கேட்டபின் அவர் காளவாயை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாது. சலிக்க வருகிறவர்கள் கேட்பார்கள் என்று அன்றைக்குச் சொன்னாரே, அந்தக் கேள்வியை இப்போது அவரே அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் அந்த வாக்கை வாங்கினீர்கள் என்பது எனக்குப் புரியாமலில்லை.

எழுதிக்கொண்டே நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் வள்ளியின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். நீங்கள் கேட்ட மாதிரிதான். அப்படிக் கேட்க உங்களைப் பார்த்துத்தான் பழகினேன். இடது பக்கம் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது. உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கமும் அந்த வாக்கும்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

வாக்கை விட்டுக்கொடுங்கள் என்று கேட்கிறேன், அண்ணி. வேண்டாம் என்றாலும் அதையாவது சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை விடிந்தால் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.